ஐந்தாவது நகர்வில் ஒரு குதிரை

வணக்கம் நேயர்களே. பக்கத்தில் செஸ் பலகை இருந்தால் காய்களை அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். 1600 ரேட்டிங்குக்குக் (ஆட்டத்திறனைக் காட்டும் புள்ளி) கீழே உள்ளவர்களுக்கான ஒரு போட்டியில் நான் பார்த்த ஆட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். வெள்ளைக் காய்களுடன் ஒரு பள்ளி மாணவி, எதிரே நடுத்தர வயதுக்காரர் ஒருவர்.

இருவரும் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார்கள். வெள்ளைக் குதிரை எஃப்3, அதாவது எஃப் என்ற செங்குத்து வரிசையில் வெள்ளைப் பக்கத்திலிருந்து மூன்றாவது கட்டம். கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4க்கு வர, கறுப்பின் இன்னொரு குதிரை எஃப்6க்கு வந்தது. இதைத்தான் டூ நைட்ஸ் டிஃபென்ஸ் என்கிறோம். உடனே அந்தப் பெண் குதிரையை ஜி5ல் வைத்தாள். குறி எஃப்7. தொடக்கத்தில் அந்தச் சிப்பாய்க்கு ராஜாவை விட்டால் வேறு காவல் கிடையாது.

ஜெர்மானிய ஆட்டக்காரர் டாராஷ் இந்த நகர்வைக் கத்துக்குட்டி வேலை என்று ஏளனம் செய்தவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதில் தெரியாதவரை இது உட்கார வைத்துவிடும்.

கறுப்பு டி5க்குச் சிப்பாயைத் தள்ளி பிஷப்பின் வழியை மறித்தது. சரியான நகர்வு. வெள்ளை அதை வெட்டியது. இப்போது எதிராளியின் கை யோசிக்காமலே எஃப்6 குதிரைக்குப் போய், டி5 சிப்பாயை வெட்டியது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மாணவி கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். அப்புறம் குதிரையைக் கொடுத்து எஃப்7ஐ வெட்டினாள். ராணிக்கும் யானைக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து, ராஜா வெட்டியே ஆக வேண்டும். வெட்டியதும் வெள்ளை ராணி எஃப்3ல் வந்து செக் வைத்தது. டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா ஈ6க்கு, பலகையின் நடுவுக்கே நடந்தது. வெள்ளையின் இரண்டாவது குதிரையும் சி3க்கு வந்து அந்தக் குதிரையைத் தாக்கியது.

இதுதான் ஃபிரைடு லிவர் அட்டாக். இத்தாலியரான பொலேரியோ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆடிய ஆட்டம் இது. ஒரு காய் கூடுதலாக இருந்தும் கறுப்பால் மூச்சுவிட முடியவில்லை, கடைசியில் தோற்றார்.

ஐந்தாவது நகர்வில் கறுப்பு டி5 சிப்பாயை வெட்டாமல் சி6 குதிரையை ஏ5க்கு நகர்த்தியிருக்க வேண்டும். வெள்ளை பிஷப் பி5ல் செக் வைக்கும், கறுப்பு சி6ல் சிப்பாயை நிறுத்தும். வெள்ளை அதை வெட்ட, பி சிப்பாய் திருப்பி வெட்டும். ஒரு சிப்பாய் போனது உண்மைதான். ஆனால் இனி பிஷப் ஓட வேண்டும், அடுத்து எச்6 சிப்பாய் வந்தால் ஜி5 குதிரையும் ஓட வேண்டும். அந்த அவகாசத்தில் கறுப்பு தன் காய்களையெல்லாம் வெளியே கொண்டுவந்துவிடும். பலகையில் இரண்டு பக்கமும் ஆடிப் பாருங்கள்.