பரம எதிரிகள் சேர்ந்து எழுதிய சரித்திரப் புத்தகம்! பிரான்சும் ஜெர்மனியும் சமாதானமானது எப்படி?

(திரையில்: பழைய ஓவியம். வகுப்பறை, சுவரில் பிரான்ஸ் வரைபடம்.)

இந்த ஓவியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1887-ல் வரைந்தது. பிரான்ஸில் ஒரு வகுப்பறை. வாத்தியார் வரைபடத்தில் ஓர் இடத்தைக் காட்டுகிறார், சீருடை போட்ட ஒரு பையன் நின்று பார்க்கிறான். அந்த வரைபடத்தின் கிழக்கு ஓரத்தில் மட்டும் கறுப்பாக ஒரு திட்டு தெரிகிறதா? அதுதான் அல்சாஸ்-லொரேன். 1871-ல் போரில் ஜெயித்த ஜெர்மனி எடுத்துக்கொண்ட பகுதி. வரைந்தவர் ஆல்பெர் பெத்தானியே, பறிபோன அந்தப் பகுதியில் இருக்கும் மெஸ் ஊர்க்காரர்.

பிள்ளைகளுக்குப் பகையைச் சொல்லிக்கொடுத்த இடம் பள்ளிக்கூடம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியிலும் பிரான்ஸ் பரம்பரை எதிரி என்ற பேச்சைக் கேட்டுத்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இந்த மாதிரி வகுப்பறைகளில் படித்தவர்கள்தான் 1914-ல் போருக்குப் போனார்கள், தங்கள் பிள்ளைகளையும் அனுப்பினார்கள்.

அப்படிப்பட்ட இரண்டு நாட்டு ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சரித்திரப் பாடப் புத்தகத்தை எழுதி, 2006-ல் அதை வெளியிட்டார்கள். ஒரு பதிப்பு பிரெஞ்சில், ஒன்று ஜெர்மனில். பாடம் அதேதான், படங்களும் வரைபடங்களும் அதேதான். இது எப்படி நடந்தது, எங்கே முட்டிக்கொண்டார்கள் என்பதுதான் இன்றைய வீடியோ. முட்டிக்கொண்ட இடம் நீங்கள் நினைக்கும் இடம் இல்லை, அதனால் கடைசி வரை பாருங்கள்.

(திரையில்: ஐரோப்பா வரைபடம், எல்லைக் கோடு நகர்கிறது.)

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எழுபது சொச்சம் ஆண்டுகளில் மூன்று போர்: 1870, 1914, 1939. வெர்டன் என்ற ஒரே ஊரைச் சுற்றி 1916-ல் பத்து மாதம் நடந்த சண்டையில் மட்டும் இரு தரப்பிலும் சேர்ந்து சுமார் 3 லட்சம் பேர் உயிரை விட்டார்கள். 1870-ல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்து 1945 வரை இருந்த ஒருவர், வீட்டு வாசலைத் தாண்டாமலே நான்கு தடவை நாடு மாறியிருப்பார்.

சரி, சமாதானம் என்றதும் எல்லோரும் காட்டுவது இரண்டு படங்களை. 1962 ஜூலையில் ரெய்ம்ஸ் தேவாலயத்தில் பிரெஞ்சு அதிபர் சார்லஸ் டி காலும் ஜெர்மன் பிரதமர் கொன்ராட் அடெனவரும் சேர்ந்து பூசையில் கலந்துகொண்ட படம். முதல் உலகப் போரில் ஜெர்மன் குண்டுகளால் எரிந்த அதே தேவாலயம். இன்னொன்று 1984-ல் வெர்டனில் அப்போதைய பிரெஞ்சு அதிபர் பிரான்சுவா மித்தரானும் ஜெர்மன் பிரதமர் ஹெல்முட் கோலும் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற படம். மித்தரான் 1940-ல் அந்த வெர்டன் பக்கத்தில்தான் காயம்பட்டுச் சிறைபிடிக்கப்பட்டார். கோல் இரண்டாம் உலகப் போரில் அண்ணனைப் பறிகொடுத்தவர். இந்தப் படங்களின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தலைவர்கள் கை கோத்ததால் மக்கள் மனசு மாறியது என்று கதை சொன்னால், உண்மையில் உழைத்தவர்களின் பெயர் காணாமல் போய்விடும்.

அப்படி ஒருவர் பெயரைச் சொல்கிறேன். லூசியன் தராதான். பிரான்ஸில் மோன்பெலியார் என்ற ஊரின் மேயர். போரில் நாஜிகளை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் இருந்தவர், பிடிபட்டுப் புகென்வால்ட் வதைமுகாமில் கிடந்தவர். அங்கிருந்து உயிரோடு திரும்பிய மனிதர், போர் முடிந்து ஐந்தே ஆண்டில், 1950-ல், லுட்விக்ஸ்பர்க் என்ற ஜெர்மன் ஊரோடு உறவு வைக்க முன்வந்தார். இரண்டு நாட்டுக்கும் இடையில் உருவான முதல் இரட்டை நகர உறவு அது. பழைய ஒட்டும் ஒன்று இருந்தது: மோன்பெலியார் சுமார் நானூறு ஆண்டுகள் வுர்ட்டெம்பெர்க் அரச குடும்பத்தின் கையில் இருந்த ஊர், லுட்விக்ஸ்பர்க் அதே குடும்பம் உருவாக்கிய ஊர். இன்றைக்கு இந்த மாதிரி பிரெஞ்சு-ஜெர்மன் ஜோடி ஊர்கள் 2,000-க்கும் மேல். வதைமுகாமில் இருந்து வந்த ஒருவரே முதல் அடி எடுத்து வைத்தார் என்பதைப் படித்தபோது நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதே லுட்விக்ஸ்பர்க் அரண்மனை முற்றத்தில்தான் 1962 செப்டம்பர் 9 அன்று டி கால் ஜெர்மன் இளைஞர்கள் முன்னால் ஜெர்மன் மொழியிலேயே பேசினார். 1916-ல் வெர்டன் சண்டையில் பிடிபட்டு, முதல் போர் முடியும்வரை ஜெர்மனியில் கைதியாக இருந்தவர் அவர். நீங்கள் ஒரு மாபெரும் மக்களின் பிள்ளைகள் என்றார். அந்த மக்கள் சரித்திரத்தில் சில வேளை பெரிய தவறுகள் செய்ததுண்டு என்பதையும் அதோடு சேர்த்தே சொன்னார். முதலாவதை மட்டும் சொல்லியிருந்தால் அது முகஸ்துதி, இரண்டாவதை மட்டும் சொல்லியிருந்தால் குற்றப்பத்திரிகை.

1963 ஜனவரி 22-ல் இரண்டு நாட்டுக்கும் இடையிலான நட்பு ஒப்பந்தம், அதாவது எலிசே ஒப்பந்தம். அதே ஆண்டு ஜூலையில் பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம். இரண்டு அரசும் பணம் போட்டு, பள்ளிப் பிள்ளைகள், விளையாட்டுக் குழுக்கள், தொழில் பழகுபவர்கள் என்று எல்லோரையும் எல்லை தாண்டி அனுப்பிவைக்கும் அமைப்பு. இதுவரை போய் வந்தவர்கள் 90 லட்சத்துக்கும் மேல். பலர் தங்குவது ஹோட்டலில் இல்லை, அங்கே உள்ள ஒரு குடும்பத்தோடு. 1960-களில் அப்படி ஒரு பிள்ளையைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்த அப்பாக்களில் பலர், இருபது ஆண்டு முன்னால் அந்த நாட்டின் மேல் துப்பாக்கி நீட்டியவர்கள்.

இனி புத்தகத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

(திரையில்: இரண்டு மொழிப் பதிப்புகளும் அருகருகே.)

2003-ல் எலிசே ஒப்பந்தத்தின் நாற்பதாம் ஆண்டு. இரண்டு நாட்டிலிருந்தும் சுமார் 500 மாணவர்களை பெர்லினில் ஓர் இளைஞர் நாடாளுமன்றத்துக்குக் கூட்டினார்கள். எங்களுக்கு ஒரே சரித்திரப் புத்தகம் கொடுங்கள் என்று அந்தப் பிள்ளைகள்தான் கேட்டார்கள். இரண்டு அரசும் தலையாட்டின. இரண்டு நாட்டிலிருந்தும் ஒவ்வொரு பதிப்பகம், இரண்டு நாட்டு ஆசிரியர்கள் கலந்த ஒரு குழு. 1945-க்குப் பிந்தைய காலத்தைச் சொல்லும் பாகம் 2006-ல், 1815 முதல் 1945 வரை 2008-ல், பழங்காலம் முதல் 1815 வரை 2011-ல். ஆமாம், பின்னாலிருந்து முன்னால் போனார்கள்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. எந்த விஷயத்தில் பெரிய சண்டை வந்திருக்கும்? ஹிட்லரா? வெர்டனா? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள்.

முதல் பாகத்தில் அவர்கள் முட்டிக்கொண்டது அமெரிக்கா விஷயத்தில்! அமெரிக்கப் பாதுகாப்பில் மீண்டெழுந்த மேற்கு ஜெர்மனியின் பார்வையில் அமெரிக்கா உதவிய நாடு. பிரெஞ்சு ஆசிரியர்களுக்கோ அமெரிக்காவின் ஆதிக்கம்தான் முதலில் கண்ணில் பட்டது. அடுத்தது கம்யூனிசம். பிரான்ஸில் கம்யூனிஸ்டுகள் என்றால் நாஜிகளை எதிர்த்துச் செத்தவர்கள் என்ற நினைவும் உண்டு. ஜெர்மன்காரர்களுக்குக் கம்யூனிசம் என்றால் பெர்லின் சுவரும் கிழக்கு ஜெர்மனியும். ஒரே சொல், ஆனால் இரண்டு நாட்டுத் தாத்தா பாட்டிகளுக்கு அது வேறு வேறு அனுபவம். நாஜி ஆட்சி பற்றி எழுதுவதில் இப்படிப்பட்ட இழுபறி வரவில்லை, ஏனென்றால் அந்தக் கணக்கை ஜெர்மன் ஆசிரியர்கள் ஏற்கெனவே தங்களுக்குள்ளேயே போட்டுப் பார்த்திருந்தார்கள்.

கேள்வி கேட்கும் விதத்தில்கூட வித்தியாசம் இருந்தது. ஜெர்மன் வகுப்பில் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பது வழக்கம். பிரெஞ்சு வகுப்பில் ஆவணத்தைப் படித்து, ஒழுங்காகத் தொகுத்து எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தைத்தார்கள். ஒத்துப்போகாத இடங்களை மழுப்பாமல், இரு நாட்டுப் பார்வையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தனிப் பகுதிகளே போட்டார்கள். இதைத்தான் நான் பெரிய சாதனை என்பேன்.

ஏன் தெரியுமா? எல்லோரும் ஒத்துப்போகும் வரியை மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு முன்கதை இருக்கிறது. 1951-லேயே இரண்டு நாட்டுச் சரித்திர ஆசிரியர்களும் உட்கார்ந்து, 1914-ல் எந்த ஒரு அரசும் மக்களும் வேண்டுமென்றே ஐரோப்பியப் போரை விரும்பியதாகச் சொல்ல ஆவணங்கள் இடம்தரவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் 1961-ல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியரே, இல்லை, நம் நாட்டுக்குத்தான் பெரிய பொறுப்பு என்று ஆவணங்களோடு எழுதிவிட்டார். நாடே கொதித்தது. சமாதானத்துக்காகச் சமன் செய்து எழுதிய வரி பத்து ஆண்டுதான் தாங்கியது. வித்தியாசத்தைப் பக்கத்திலேயே அச்சிட்டு வைத்தால், நாளைக்குப் புது ஆவணம் வந்தாலும் வகுப்பில் பேச இடம் இருக்கும்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் புத்தகம் எல்லா வகுப்பறைக்கும் போய்ச் சேரவில்லை. ஜெர்மனியில் 16 மாநிலங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடத்திட்டம். பிரான்ஸில் ஒரே பாடத்திட்டம்தான், அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் இருமொழி வகுப்புகளில்தான் இது உருண்டது. பழைய பகையும் மண்ணோடு மண்ணாகப் போய்விடவில்லை: 2020-ல் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோது, எல்லையோர ஜெர்மன் மாநிலமான சார்லாந்தில் வேலைக்கு வந்த பிரெஞ்சுக்காரர்களைச் சிலர் தெருவில் வைத்து ஏசினார்கள், அந்த மாநிலத்தின் பொருளாதார அமைச்சர் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அறுபது ஆண்டு வேலைக்குப் பிறகும் இப்படி என்றால், இந்த வேலையை நிறுத்தக்கூடாது என்றுதான் எனக்குப் படுகிறது.

நிறுத்தவும் இல்லை. ஜெர்மனியும் போலந்தும் 1972-லேயே பாடப் புத்தகக் குழு அமைத்தன. 2016-க்கும் 2020-க்கும் இடையில் நான்கு பாகங்களாக அவர்களும் ஒரு பொதுச் சரித்திரப் புத்தகம் கொண்டுவந்துவிட்டார்கள். யுகோஸ்லாவியா உடைந்தபோது ரத்தம் சிந்திய செர்பியா, போஸ்னியா, கொசோவோவும், அவற்றோடு மாண்டினீக்ரோ, மாசிடோனியா, அல்பேனியாவும் சேர்ந்து 2016-ல் இதே மாதிரி ஓர் இளைஞர் அலுவலகத்தைத் தொடங்கின. தலைமையகம் அல்பேனியாவின் திரானாவில். மாதிரியாக எடுத்துக்கொண்டது 1963-ன் அந்த அலுவலகத்தைத்தான்.

செர்பியாவும் கொசோவோவும் சேர்ந்து ஒரு சரித்திரப் புத்தகம் எழுதினால் எந்த அத்தியாயத்தில் முதலில் முட்டிக்கொள்வார்கள்? உங்கள் ஊகத்தை கமெண்டில் காரணத்தோடு எழுதுங்கள். நல்ல பதில்களை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த வீடியோவில் பால்கன் கதையைப் பேசுவோம். வீடியோ பிடித்திருந்தால் சரித்திரம் சொல்லித்தரும் உங்கள் டீச்சர் யாருக்காவது அனுப்பிவிடுங்கள்.