தேயாத பாட்டு

நடுவர் அவர்களே, கிருஷ்ணகிரிப் பெருமக்களே, வணக்கம். ‘இசையின் இன்பம் மிகுவது இசைத்தட்டிலா, டிஜிட்டலிலா?’ இதுதான் இன்றைய தலைப்பு. என் வீட்டில் நானூறு இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட விற்க மாட்டேன். ஆனாலும் டிஜிட்டல் அணியில் மனதாரத்தான் நிற்கிறேன்.

எதிரணி நண்பர் சற்றுமுன் சொன்னார்: தட்டில் இருப்பது முழு அலை, டிஜிட்டலில் இருப்பது படிக்கட்டு மாதிரி வெட்டிய துண்டுகள் என்று. நானும் இருபது வருஷம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறு. மனிதக் காதுக்கு எட்டுவது நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரைதான். சிடியோ நொடிக்கு 44,100 முறை அலையை அளக்கிறது. இரு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால், காதுக்கு எட்டும் அலை முழுசாகத் திரும்பிவிடும். ஸ்பீக்கருக்குப் போகும்போது அதில் படிக்கட்டு கிடையாது. ரொம்பச் சுருக்கிய எம்பி3 சப்பென்று இருக்கும் என்றாரே, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இசையில் எதையும் உதிர்க்காமல் சுருக்கும் ஃப்ளாக் என்ற கோப்பு வடிவம் 2001-லேயே வந்துவிட்டது.

இப்போது தட்டுக்கு வருவோம். எல்பி என்கிற பெரிய தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். லேபிளை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் பாதிக்கும் கீழே போய்விடும். அதே ஒரு நொடி இசை அந்தக் குறுகிய இடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். என்னிடம் உள்ள ஒரு நாகஸ்வரத் தட்டில், கடைசி உருப்படி உச்சிக்குப் போகும்போதெல்லாம் கரகரக்கும். ஊசியை மாற்றினேன், ஊசி தட்டை அழுத்தும் எடையைத் திருத்தினேன், போகவில்லை.

அப்பா காவேரிப்பட்டணத்தில் ரேடியோ செட் கட்டியவர். கல்யாணம், திருவிழா, காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர்தான். அவருக்கு உயிரான, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளை வீட்டில் ஒரு நாளைக்கு ஒரே முறைதான் போடுவார். இரும்பு ஊசி ஓடும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், நடுவர் அவர்களே. ஆசையாகக் கேட்கக் கேட்க அந்தப் பாட்டு அழியும்! நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல், 27 வயதில் போய்விட்டார். அவர் குரல் தங்கியது அரக்குத் தட்டுகளில்தான். கை தவறினால் சுக்குநூறு. யாரோ பொறுமையாக அவற்றைக் கணினியில் ஏற்றியதால்தான், தட்டையே பார்த்திராத ராயக்கோட்டைப் பிள்ளையும் இன்று அந்தக் குரலைக் கேட்க முடிகிறது.

போன வருஷம் என் மகள் அந்த நாகஸ்வர உருப்படியை, மூல டேப்பிலிருந்து எடுத்த ஃப்ளாக்காக வாங்கித் தந்தாள். அதே ஆம்ப்ளிஃபையர், அதே ஸ்பீக்கர். உச்சி ஸ்வரம் சுத்தமாக நின்றது. அப்புறம் வித்வான் மூச்சை இழுக்கும் சத்தம். அத்தனை வருஷம் கேட்டும் அந்த மூச்சு என் காதில் விழுந்ததே இல்லை.

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். “இன்னொரு தடவை போடுப்பா” என்றார். அன்று ராத்திரி ஐந்து முறை போட்டேன்.