ஏசி கிளம்பும் அந்த ஒரு நொடி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் பவல் ஏரி இருக்கிறது. அதன் கரையில் லோன் ராக் என்று ஓர் இடம். வண்டியின் பின்னால் இழுத்துப்போகிற, வீடு மாதிரி தங்கும் வசதியுள்ள ட்ரெய்லரைத் தண்ணீர் ஓரமாக மணலிலேயே நிறுத்தித் தங்கலாம். மின் இணைப்பு கிடையாது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம் அங்கே போனோம். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த அம்மாவும் கூட வந்தார். வெயில் 105 டிகிரி பாரன்ஹீட், அதாவது செல்சியஸில் 40க்கு மேல்.

ட்ரெய்லர் கூரையில் ஏசி இருக்கிறது. அதை ஓட்ட கையில் தூக்கிப்போகிற சின்ன ஜெனரேட்டர் ஒன்றும் புதிதாக வாங்கியிருந்தேன். பெட்டியில் 2,200 வாட் என்று போட்டிருந்தது. "உங்கள் ஏசிக்கு 1,500 வாட் போதும், தாராளமாக ஓடும்" என்று கடையில் சொன்னார்கள். நானும் கழித்துப் பார்த்தேன், 700 வாட் மிச்சம். கணக்கு சரியாகத்தான் தெரிந்தது.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் கம்ப்ரெசர் கிளம்பப் பார்த்தது. விளக்கு மங்கியது, ஜெனரேட்டர் உறுமியது, சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, கரண்ட் மட்டும் வரவில்லை. நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் அதே கதை. அம்மா வெளியே பந்தல் துணி நிழலில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "விடுப்பா, நம்ம ஊர்ல பார்க்காத வெயிலா" என்றார். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அன்று எனக்குத் தெரியாமல் போனது என்ன என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

கிணற்றில் மோட்டார் வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். மோட்டார் சுவிட்சைப் போட்டதும் வீட்டுக்குள் பல்பு ஒரு கணம் மங்கி, மறுபடி பளிச்சென்று எரியும். நின்றிருக்கிற மோட்டார் முதல் சுற்றுக்குத் திரும்புவதற்குள், ஓடும்போது எடுப்பதைப்போல நான்கைந்து மடங்கு கரண்டை இழுத்துக்கொள்ளும். ஏசி கம்ப்ரெசருக்குள்ளேயும் இருப்பது மோட்டார்தான். ட்ரெய்லர் கூரைகளில் பெரும்பாலும் 13,500 பி.டி.யு. ஏசியோ 15,000 பி.டி.யு. ஏசியோ இருக்கும். பி.டி.யு. என்பது ஏசியின் குளிர்விக்கும் திறனைச் சொல்லும் அளவு. 12,000 பி.டி.யு. ஒரு டன் என்பதால், 13,500 என்பது ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஓடும்போது அது 13 ஆம்ப் எடுக்கிறது என்றால், கிளம்பும் கணத்தில் 50, 60 ஆம்ப் வரை கேட்கும். அரை நொடிகூட இருக்காது. ஆனால் அந்த நேரத்தைத் தாண்டினால்தான் ஏசி ஓடும். ஏசியின் தகட்டில் எல்.ஆர்.ஏ. என்று ஓர் எண் இருந்தால், அது இந்தக் கிளம்பும் கரண்ட்தான். ஜெனரேட்டர் வாங்கும் முன் கூரையேறி அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

மின்வாரியக் கம்பிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சின்ன ஜெனரேட்டரிடம் அந்த இருப்பு கிடையாது. பெட்டியில் போட்டிருந்த 2,200 கூட கொஞ்ச நேரம் மட்டும் தாங்குகிற அளவு. தொடர்ந்து கொடுப்பது 1,800 வாட்தான், அதாவது 120 வோல்ட்டில் 15 ஆம்ப். என் 700 வாட் மிச்சத்தில் 400 அங்கேயே போய்விட்டது.

இன்னொன்றும் இருந்தது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. கார்பரேட்டர் உள்ள எஞ்சின், ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் மூன்றரை சதவீத சக்தியை இழக்கும். பவல் ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டால் 1,800 வாட் 1,600க்கும் கீழே வந்துவிடுகிறது. ஏசி எடுப்பதோ வெயில் கூடக் கூட அதிகமாகும். இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொண்டன. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு 7,000 அடி. அங்கே ஜெனரேட்டரின் சக்தியில் கால் பங்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்குப் பதில் புரொப்பேன் வாயுவில் ஓட்டினால் இன்னும் பத்தில் ஒரு பங்கு குறையும்.

அன்று மாலை பக்கத்து ட்ரெய்லரிலிருந்து ஒருவர் வந்தார். டெக்சாஸ்காரர், எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை ஒன்றும் குறை சொல்லவில்லை. நேராக உள்ளே போய் ஃபிரிட்ஜைப் பார்த்தார். கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற அந்த ஃபிரிட்ஜ் 'ஆட்டோ'வில் இருந்தது. ஜெனரேட்டர் கரண்ட் வந்ததும் கேஸிலிருந்து தானாகவே கரண்டுக்கு மாறி, 300 வாட்டுக்கு மேல் தின்றுகொண்டிருந்திருக்கிறது. கேஸுக்கு மாற்றினார். பேட்டரியை சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரின் பிரேக்கரை இறக்கினார். வெந்நீர் ஹீட்டர் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார், அது மட்டுமே 1,400 வாட் எடுக்கும். அப்புறம் வெளியே வந்து ஜெனரேட்டரின் ஈகோ சுவிட்சை அணைத்தார். ஈகோவில் எஞ்சின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கம்ப்ரெசர் திடீரென்று இழுக்கும்போது வேகம் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கடைசியாக என் ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தார். தோட்டத்துக்கு வாங்கிய மெல்லிய ஆரஞ்சு ஒயர், சூடாக இருந்தது. தன்னிடமிருந்த 10 கேஜ் தடி ஒயரைக் கொடுத்தார். இந்த ஊரில் கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும். ஒயர் மெலிந்தால் வோல்டேஜ் இறங்கும், வோல்டேஜ் இறங்கினால் கம்ப்ரெசர் முனகிக்கொண்டே நிற்கும்.

அதற்குள் வெயிலும் இறங்கியிருந்தது. ஐந்தாவது முறை போட்டபோது ஏசி கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது உண்மை.

வீடு திரும்பியதும் சாஃப்ட் ஸ்டார்ட் என்கிற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். சுமார் 300 டாலர். நம் ஊரில் பெரிய மோட்டார்களுக்கு ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வைக்கிறார்களே, அதன் நோக்கமும் இதன் நோக்கமும் ஒன்றுதான். கரண்டை ஒரேயடியாகப் பாயவிடாமல் படிப்படியாக ஏற்றுகிறது. கிளம்பும் இழுப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். ஹார்டு ஸ்டார்ட் கெப்பாசிட்டர் என்று மலிவாக ஒன்று விற்கிறார்கள். அது மோட்டாருக்கு ஓர் உந்தல் கொடுக்கும், இழுப்பை இந்த அளவுக்குக் குறைக்காது. என் யோசனை, காசு போடுவதானால் சாஃப்ட் ஸ்டார்ட்டில் போடுங்கள். கூரை வேலை பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். கரண்டைத் துண்டித்த பிறகும் ஏசியின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், கை வைத்தால் அடிக்கும்.

சாஃப்ட் ஸ்டார்ட் இருந்தால் கடலோரச் சமவெளிகளில் 2,200 வாட் மெஷின் ஒன்றே 13,500 பி.டி.யு. ஏசியை ஓட்டிவிடும். மலையிலும் கொளுத்தும் வெயிலிலும் அது ஒன்றை மட்டும் நம்பி நான் போகமாட்டேன். 15,000 பி.டி.யு. ஏசிக்கும் அப்படித்தான். சின்ன மெஷின் இரண்டை வாங்கி, இணைப்பு ஒயரால் சேர்த்து ஓட்டுவது நல்ல வழி. ஒவ்வொன்றும் 21 கிலோ அளவில் இருப்பதால் ஒருவரே தூக்கலாம். 3,000 வாட் மெஷின்களில் 60 கிலோ கனப்பவை உண்டு, இரண்டு பேர் வேண்டும்.

சரி, இதுவரை சொன்னதை மறந்தாலும் ஏசி ஓடாமல் போகும், அவ்வளவுதான். இனி சொல்வதைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், மயக்கம். காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்துப் படுத்துக்கொள்வார்கள். தூங்குகிறவருக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது. அமெரிக்காவில் ஒவ்வொரு வருடமும் ஜெனரேட்டர் புகையால் பலர் இறக்கிறார்கள்.

மழை படாமல் இருக்கட்டும் என்று ட்ரெய்லருக்கு அடியில் வைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன், போய்ச் சொல்லியும் இருக்கிறேன். அடியில் வைத்தால் தரையில் உள்ள ஒயர் துளைகள், குழாய் துளைகள் வழியாகப் புகை உள்ளே ஏறும். குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள், புகைக்குழாய் ட்ரெய்லரைப் பார்க்காமல் மறுபக்கம் பார்க்கட்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மாலையில் ஒருமுறை பார்த்தால் போதாது, ஏரிக்கரையில் இரவில் காற்று மாறும். பக்கத்து ட்ரெய்லரின் ஜன்னலும் உங்கள் ஜன்னல்தான். இப்போது வருகிற சில ஜெனரேட்டர்களில் வாயு அதிகமானால் தானே நின்றுபோகும் வசதி இருக்கிறது. ஆனால் அது தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் பார்க்கும், உங்கள் படுக்கையறைக் காற்றை அல்ல. ட்ரெய்லருக்குள்ளே இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்புறத்தில் தேதி போட்டிருக்கும். அந்த அலாரம் ஐந்திலிருந்து ஏழு வருடம்தான் உழைக்கும். பழைய ட்ரெய்லர் வாங்கியவர்கள் இன்றைக்கே கழற்றிப் பாருங்கள்.

இரவு முழுக்க ஜெனரேட்டரில் ஏசி போட்டுத் தூங்குவதை நான் விட்டுவிட்டேன். முழுச் சுமையில் ஓடினால் ஒரு டேங்க் பெட்ரோல் மூன்று மணி நேரத்துக்குத்தான் வரும். நடுநிசியில் எழுந்து சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவது தீயோடு விளையாடுவது. தேசியப் பூங்கா முகாம்கள் பலவற்றில் ஜெனரேட்டருக்குக் குறிப்பிட்ட சில மணி நேரம்தான் அனுமதி, 50 அடி தூரத்தில் 60 டெசிபலுக்கு மேல் சத்தமும் இருக்கக்கூடாது. அதனால் ஜன்னல்களுக்கு வெயில் தடுக்கும் வெள்ளித்தாளை மாட்டி, மாலையில் உள்ளே நன்றாகக் குளிரவைத்துவிட்டு, இரவுக்கு பேட்டரி ஃபேன். வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் காசைப் பார்க்காமல் மின் இணைப்பு உள்ள இடமாகப் பதிவு செய்கிறேன். அடுத்த முறை அம்மா வந்தபோது அப்படித்தான் செய்தேன்.

நிறுத்தும்போது முதலில் ஏசியை அணையுங்கள், ஜெனரேட்டரை இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். ஏசியை மறுபடி போடுவதானால் ஐந்து நிமிடம் பொறுங்கள். உள்ளே வாயு அழுத்தம் சமமாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த முதல் நொடி இன்னும் கடினமாகிவிடும். அன்று நான் நான்கு முறையும் பொறுக்காமல் உடனுக்குடன் போட்டேன்.

நன்றி, வணக்கம்.