தோற்றுப்போன ஊரில் உருவான மதம்

எல்லோருக்கும் வணக்கம். யூதர்களின் முன்னோரான இஸ்ரவேலரின் வரலாறு என்றதும் நம்மில் பலருக்கு மோசேயும், செங்கடல் பிளந்ததும், பத்துக் கட்டளையும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கதைகள் நிஜமா பொய்யா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்ததை வைத்து அந்த மக்கள் யார், அவர்களுடைய மதம் எப்படி உருவானது என்று பார்க்கலாம். என்னைக் கேட்டால், யூத மதத்தை யூத மதமாக ஆக்கியது எந்த வெற்றியும் இல்லை, ஒரு படுதோல்விதான்.

முதலில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்கிறேன். 1896-ல் எகிப்தின் தீப்ஸ் நகரில் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆய்வாளர் ஒரு பெரிய கல்வெட்டைக் கண்டெடுத்தார். சுமார் கி.மு. 1208-ல் மெர்னப்தா என்ற பாரோ, அதாவது எகிப்திய மன்னர், எழுதிவைத்தது அது. பெரும்பகுதி லிபியர்களை அடித்து விரட்டிய பெருமைதான், கடைசியில் போகிற போக்கில் கானான் (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதி) பக்கம் வந்து அஸ்கலோனைப் பிடித்தேன், கேசேரைக் கைப்பற்றினேன், யனோவாமை இல்லாமல் ஆக்கினேன் என்று வரிசையாகச் சொல்லி, "இஸ்ரவேல் பாழானது, அதன் விதை இல்லை" என்கிறார். வெளியாருடைய எழுத்தில் இஸ்ரவேல் என்ற பெயர் உறுதியாக வருகிற முதல் இடம் இதுதான். எகிப்திய எழுத்தில் ஒரு பெயருக்குப் பின்னால் அது ஊரா, நாடா, ஆளா என்று காட்ட ஒரு குறி போடுவார்கள். அஸ்கலோன், கேசேர், யனோவாம் மூன்றுக்கும் இடத்துக்கான குறி இருக்கிறது. இஸ்ரவேலுக்கு மட்டும் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆண், ஒரு பெண், அடியில் மூன்று கோடுகள், அதாவது மக்கள் கூட்டம். அவர்களுக்கு அப்போது நகரமும் இல்லை, அரசனும் இருந்ததாகத் தெரியவில்லை.

சரி, அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது? பைபிளின் யாத்திராகமம் ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் பேர் எகிப்தைவிட்டுப் புறப்பட்டதாகச் சொல்கிறது, ஆனால் அவ்வளவு பெரிய கூட்டம் சீனாய் பாலைவனத்தில் வாழ்ந்ததற்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு. எருசலேமுக்கு வடக்கே உள்ள மலைப்பகுதியில், கி.மு. 1200-க்குப் பிறகு, அதுவரை அநேகமாகக் காலியாகக் கிடந்த இடங்களில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஊர்கள் முளைக்கின்றன. மதிலும் அரண்மனையும் இல்லாத ஊர்கள், சரிவைப் படிப்படியாக வெட்டிச் செய்த விவசாயம், மழைநீரைப் பிடிக்கப் பாறையில் குடைந்த தொட்டிகள், பன்றி எலும்பு அநேகமாகக் கிடையாது. ஆனால் பானைகளைப் பார்த்தால் அவை கானானியப் பானைகளின் தொடர்ச்சியாகவே இருக்கின்றன. அதனால்தான் இன்று ஆய்வாளர்களில் பலர், இஸ்ரவேலரில் பெரும்பாலோர் வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் அல்ல, கானான் மண்ணிலிருந்தே கிளைத்தவர்கள் என்கிறார்கள். எகிப்தில் அடிமைப்பட்ட நினைவோடு ஒரு சிறு கூட்டம் வந்து இவர்களோடு சேர்ந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன், ஒன்றுமே நடக்காமல் அவ்வளவு ஆழமான நினைவு ஒரு ஜனத்துக்கு வராது.

அப்போது வழிபாடு எப்படி இருந்தது? சீனாய் வடகிழக்கில் குந்திலெத் அஜ்ருத் என்ற இடத்தில், 1975-76-ல் தோண்டியபோது பெரிய ஜாடிகள் கிடைத்தன, கி.மு. 800-ஐ ஒட்டிய காலத்தவை. அதில் ஒன்றில், "சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்" உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறது. யாவே என்பது இஸ்ரவேலரின் கடவுளுடைய பெயர், சமாரியா வடக்கு அரசின் தலைநகர். அசேரா இங்கே தேவியா, கோயிலில் நடும் மரத்தூணா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். எதுவானாலும், ஒரே கடவுள், உருவமில்லாத கடவுள் என்ற கண்டிப்பு அன்றைய சாதாரண ஜனங்களிடம் இன்னும் வந்து சேரவில்லை என்று தெரிகிறது.

அரசர்கள் கதையை வேகமாகக் கடந்துவிடலாம். வடக்கே இஸ்ரவேல், தெற்கே எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா என்று இரண்டு அரசுகள் இருந்தன. கி.மு. 722-ஐ ஒட்டி வடக்கே இஸ்ரவேல் அரசை அசீரியர்கள் முடித்துவிட்டார்கள், 27,290 பேரைப் பிடித்துப்போனதாக அசீரிய மன்னர் இரண்டாம் சர்கோன் எழுதிவைத்திருக்கிறார். தெற்கே யூதா இன்னும் சுமார் நூற்று முப்பத்தைந்து வருஷம் தாக்குப்பிடித்தது. கி.மு. 586-ல் பாபிலோன் மன்னர் நேபுகாத்நேச்சார் எருசலேமையும் கோயிலையும் எரித்தார். பதினோரு வருஷத்துக்கு முன்பே பிடிபட்டுப்போன யூதாவின் யோயாக்கீன் ராஜாவுக்குப் பாபிலோன் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து எவ்வளவு எண்ணெய் அளந்து கொடுத்தார்கள் என்ற களிமண் கணக்குச் சீட்டுகூடக் கிடைத்திருக்கிறது, அவருடைய ஐந்து மகன்களின் பங்கும் சேர்த்து. தாவீதின் வாரிசு ரேஷன் பட்டியலில் நிற்கிறார்.

அந்தக் காலத்தில் ஒரு ஊர் விழுந்தால் அதன் கடவுள் தோற்றுவிட்டார், அல்லது கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று சொல்வார்கள். இந்த இரண்டாவது எண்ணம் யூதாவுக்கு மட்டும் சொந்தமில்லை. பக்கத்து நாடான மோவாபின் மேசா ராஜா கி.மு. 840 வாக்கில் வெட்டிய கல்வெட்டில், எங்கள் தெய்வம் காமோஸ் தன் நாட்டின்மேல் கோபமாயிருந்ததால்தான் இஸ்ரவேல் எங்களை நசுக்கியது என்று அச்சாக இதையே சொல்கிறார். ஆனால் மேசா அதைச் சொன்னது திருப்பி அடித்து ஜெயித்த பிறகு! யூதாவின் ஜனங்கள் ஜெயிக்கவே இல்லை. கோயிலும் ராஜாவும் நாடும் போன நிலையில், எங்கள் தேவன் தோற்கவில்லை, பாபிலோனைக் கையில் எடுத்து எங்களைத் தண்டித்தவரே அவர்தான் என்று சொன்னார்கள். அதோடு நிற்காமல் சொந்த ராஜாக்களின் குற்றங்களை ஒவ்வொன்றாக எழுதிவைத்தார்கள். ராஜாக்களின் புகழை மட்டுமே பாடிய அந்த உலகத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். பலி கொடுக்கக் கோயில் இல்லாத இடத்தில் ஓய்வுநாள், விருத்தசேதனம் (ஆண்குறியின் நுனித்தோலை நீக்கும் சடங்கு), உணவுக் கட்டுப்பாடு என்று எங்கேயும் எடுத்துப்போகக்கூடிய விஷயங்கள் முன்னுக்கு வந்தன, பழைய சட்டங்களும் கதைகளும் தொகுக்கப்பட்டன.

கி.மு. 539-ல் பாரசீகத்தின் மன்னர் கோரேசு பாபிலோனைப் பிடித்ததும் சிலர் திரும்பினார்கள், 515 வாக்கில் இரண்டாம் கோயில் எழுந்தது. உடனே எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடவில்லை. அப்புறமும் நைல் நதியில் எலிபண்டைன் தீவில் இருந்த யூதப் படைவீரர்கள் தங்களுக்கென்று தனிக் கோயில் வைத்து ஆடுமாடு பலியிட்டுவந்தார்கள். எருசலேமைத் தவிர வேறெங்கும் பலி கூடாது என்ற சட்டம் அவர்களைத் தடுத்ததாகவே தெரியவில்லை. கி.மு. 410-ல் அங்கிருந்த க்னூம் என்ற எகிப்தியத் தெய்வத்தின் பூசாரிகள் தூண்டிவிட அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. மூன்று வருஷம் கழித்து, நாங்கள் சாக்கு உடுத்தி உபவாசம் இருக்கிறோம், எண்ணெய் பூசுவதில்லை, திராட்சரசம் குடிப்பதில்லை, கட்டிக்கொள்ள உதவுங்கள் என்று யூதேயாவின் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்கள். முன்னால் எருசலேம் பிரதான ஆசாரியருக்கும் எழுதியிருந்தார்கள், பதிலே வரவில்லையாம். இந்த முறை பதில் வந்தது: பழைய இடத்திலேயே கட்டிக்கொள்ளலாம், தானியக் காணிக்கை படைக்கலாம், தூபம் காட்டலாம். அவர்கள் கேட்டிருந்த மிருக பலியைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.