முதலில் காலி அட்டவணை: ஆய்வுக் கட்டுரையைத் திட்டமிடுவது எப்படி?

(காட்சி: கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைச் சரிவு. பனி இன்னும் விலகவில்லை. பின்னணியில் குரல்.)

வணக்கம். இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கொண்டுவரும் தலைப்பு ஒன்று உண்டு: 'நீலகிரி தேயிலை விவசாயிகளின் பிரச்சினைகள்'. இதைத் தலைப்பு என்று சொல்ல மாட்டேன், இது ஒரு முழு மாவட்டம். உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு தாலுகா. ஒரு பருவத்துக்குள் ஆறையும் நடந்து முடிக்க உங்கள் காலுக்கும் முடியாது, பஸ் பாஸுக்கும் முடியாது.

நானும் இதே குழியில் விழுந்தவன்தான். முதுகலை படிக்கும்போது ஐம்பது வீடு ஏறி இறங்கினேன். கையில் இருந்த படிவத்தின் முதல் கேள்வி, 'பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை உங்களுக்குத் திருப்தியா?' கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இதைக் கேட்கவா இவ்வளவு மேடு ஏறி வந்தாய்?" ஐம்பது வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது. எல்லோரும் 'இல்லை' என்று சொல்வார்கள் என்பது கிளம்பும் முன்பே தெரிந்த கேள்வியை வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

(காட்சி: கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியம்.)

இப்போது இந்தக் கேள்வியைப் பாருங்கள். 'கோத்தகிரி தாலுகாவில், ஒரே ஆலைக்கு இலை போடும் சிறு விவசாயிகளில், கையால் பறிப்பவருக்கும் கத்தரியால் வெட்டுபவருக்கும் கிலோவுக்குக் கிடைக்கும் விலை வேறுபடுகிறதா?' வேறுபடலாம், வேறுபடாமலும் போகலாம். கையால் பறித்தால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் வரும். கத்தரி முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்தே வெட்டும். ஆனால் பறிக்க ஆள் கிடைக்காத ஊரில் கத்தரியை விட்டால் வேறு வழி இல்லை. தரத்துக்கு ஆலை உண்மையில் விலை கொடுக்கிறதா என்பது ரசீதுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்தப் பதில் வந்தாலும் அது எழுதத் தகுந்த பதில்.

'ஒரே ஆலை', 'ஒரே தாலுகா' என்று ஏன் இறுக்கிக் கட்ட வேண்டும்? கூடலூரில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி வடகிழக்குப் பருவமழையை அதிகம் நம்பியிருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால், விலை வேறுபாடு கத்தரியால் வந்ததா மழையால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

(காட்சி: வெள்ளைத் தாள், அடிக்கோல், பென்சில்.)

அடுத்ததைத்தான் பலர் தாவிவிடுகிறார்கள். களத்துக்குப் போகும் முன், கட்டுரையில் கடைசியாக வரப்போகும் அட்டவணையைக் காலியாக வரைந்துவிடுங்கள். நெடுக்கு வரிசைகளில் மாதம், எடை, கிலோ விலை, பறித்த முறை. குறுக்கு வரிசைகளில் விவசாயிகள், பெயரில்லாமல் 'வி1', 'வி2' என்று எண்ணிட்டு. இந்தக் கட்டங்களில் எதை நிரப்பப் போகிறோம் என்று தெரிந்தால் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். எந்தக் கட்டத்துக்குள்ளும் போய்ச் சேராத கேள்வியைப் படிவத்திலிருந்து அடித்துவிடலாம். நாற்பது கேள்வி பன்னிரண்டாகச் சுருங்கும். வீட்டுக்காரரும் நிம்மதியாகப் பதில் சொல்வார்.

படிவத்தை உடனே மொத்தமாக நகல் எடுத்துவிடாதீர்கள். ஒரு பிரதியோடு ஒரே ஒரு விவசாயியிடம் போய் உட்காருங்கள், அனுமதி கேட்டு அவருடைய ரசீதைப் பாருங்கள். மழைநாளில் இலை நனைந்திருந்தால் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பது உண்டு. ரசீதில் கொண்டுபோன எடை ஒன்று, பணம் கிடைத்த எடை வேறொன்று. உங்கள் அட்டவணையிலோ 'எடை' என்று ஒரே ஒரு நெடுக்கு வரிசைதான் இருக்கிறது! நாற்பது வீடு முடித்த பிறகு இது கண்ணில் பட்டிருந்தால், நாற்பது வீட்டுக்கும் திரும்ப ஏற வேண்டியிருக்கும்.

காலக்கணக்கை நாட்காட்டியை வைத்து மட்டும் போடாதீர்கள், இலையையும் கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும், வரத்து குறையும். மார்ச்சில் கட்டுரையைச் சமர்ப்பிக்க வேண்டியவர் ஜனவரியில் தகவல் திரட்டக் கிளம்பினால், கிடைப்பது ஆண்டின் மெலிந்த மாதம்தான். செப்டம்பரிலேயே தொடங்குங்கள்.

(காட்சி: மேசையில் குறிப்பட்டைகள்.)

படிக்கும் வேலை இதோடு சேர்ந்தே நடக்கட்டும். பச்சை இலைக்கான மாவட்டச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. தூள் விலைக்குக் குன்னூர் தேயிலை ஏல விவரம் இருக்கிறது. எதை எடுத்தாலும் எங்கே, எந்தப் பக்கம், எந்தத் தேதி என்பதை அதே அட்டையில் எழுதுங்கள். 'அப்புறம் தேடிக்கொள்ளலாம்' என்று விட்ட மேற்கோள் எனக்கு ஒருமுறைகூடத் திரும்பக் கிடைத்ததில்லை.

சரி, எழுத உட்காரலாம். முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்பது வாசகர் படிக்கும் வரிசை. அந்த வரிசையிலேயே எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் முறையிலிருந்து தொடங்கச் சொல்வேன். எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தோம், எந்த மாதங்கள், எந்த ரசீது: செய்ததைச் செய்தபடி சொல்வதுதான், கை தானாக ஓடும். பிறகு நிரம்பிய அட்டவணையை வைத்து முடிவுகள். அங்கே எண்கள் மட்டும் பேசட்டும், 'பாவம் விவசாயி' வேண்டாம்.

'ஏன்' என்ற கேள்விக்கு இடம் விவாதம். இங்கே ஒரு கணக்குப் பிழை அடிக்கடி வரும். ஏலத்தில் தூள் விலை இவ்வளவு, விவசாயிக்கு இலை விலை இவ்வளவுதான் என்று இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திவிடுவார்கள். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலு முதல் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். முதலில் அந்தப் பெருக்கலைப் போடுங்கள், ஆலையின் செலவைக் கழியுங்கள், அப்புறம் கோபப்படலாம். உங்கள் ஆய்வால் சொல்ல முடியாதது என்ன என்பதையும் இதே பகுதியில் எழுதுங்கள். ஒரு ஆலையைப் பார்த்துவிட்டு மாவட்டம் முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாது.

முன்னுரையைக் கடைசிக்கு முன்னால் எழுதலாம். இங்கே ஒரு வேண்டுகோள்: 1819-இல் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிக்கு வந்ததிலிருந்து தொடங்காதீர்கள். எந்தப் பாடமானாலும் முதல் பத்தியில் அவர் மலையேறி வந்துவிடுகிறார். கத்தரிக்கும் விலைக்கும் அவரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பறிக்க ஆள் கிடைக்காத இன்றைய நிலையை இரண்டு பத்தியில் சொல்லுங்கள், இதுவரை மற்றவர்கள் என்ன கண்டார்கள் என்பதை ஒரு பக்கத்தில் சொல்லுங்கள், உடனே உங்கள் கேள்விக்கு வந்துவிடுங்கள்.

அடுத்தது கவாத்து. தேயிலைச் செடியை நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை வெட்டும்போது புதிதாகப் பார்ப்பவருக்கு வயிறு எரியும், இவ்வளவு பச்சையை வெட்டுகிறார்களே என்று. ஐம்பது வீடு ஏறிச் சேர்த்ததில் பாதியை நீக்கும்போது உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அட்டவணையோடு ஒட்டாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு சுருக்கம், ஒரே பத்தியில். கேள்வி, முறை, கண்டது, அதன் பொருள், அவ்வளவே. கடைசியாகத் தலைப்பு. முதல் நாள் எழுதிய 'நீலகிரி தேயிலை விவசாயிகளின் பிரச்சினைகள்' என்பதை அடித்துவிட்டு, அதன் மேலேயே எழுதுங்கள்: 'கைப்பறிப்பும் கத்தரிப் பறிப்பும்: கோத்தகிரியில் ஒரு தேயிலை ஆலையின் இலை விலை'.

(காட்சி: பழைய தலைப்பின் மேல் ஒரு கோடு. திரை இருள்கிறது.)