கடைமடையில் கேட்க வேண்டிய கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜியோகேச்சிங் என்ற விளையாட்டைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது மறைத்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுகிறார். மற்றவர்கள் செல்போனில் அந்த எண்களைப் போட்டுக்கொண்டு தேடி வருகிறார்கள். டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வைத்துவிட்டு வர வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த விளையாட்டு இது. அதுவரை பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிசகு வைத்திருந்தது. இடம் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மே 2-ஆம் தேதி அந்தப் பிசகை எடுத்தார்கள். மறுநாளே ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டு மறைத்து வைத்து, எண்களை இணையத்தில் அறிவித்துவிட்டார். இன்று உலகம் முழுக்க இந்த டப்பாக்கள் இருக்கின்றன.

இதில் ஆர்வம் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடுவதும் வழக்கம். 500 பேருக்கு மேல் வந்தால் அதற்கு மெகா என்று பெயர். 5,000 பேரைத் தாண்டினால் கிகா. நாங்கள் அவ்வளவு பெரிய கூட்டம் இல்லை. கும்பகோணத்தைச் சுற்றி அரசலாறு, குடமுருட்டி, வீரசோழன் கரைகளில் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதி மூடிவிடுவார்கள். மாசியில் வாய்க்கால்கள் வற்றத் தொடங்கியிருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. கரையில் நடக்க அதைவிட நல்ல மாதம் டெல்டாவில் இல்லை.

நான் இன்று பேச வந்தது அந்தக் கூடுகையைப் பற்றி அல்ல, அது முடிந்த பிறகு நாங்கள் கேட்கும் கேள்விகளைப் பற்றி. எந்த ஊரில் எந்த நிகழ்ச்சியை வருடாவருடம் நடத்துபவருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் வாசலில் நின்று "எப்படி இருந்தது?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "ரொம்ப நல்லா இருந்தது சார்." கையில் காகிதம் கொடுத்து ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று கேட்டால் நாலோ ஐந்தோ போட்டுவிட்டுப் போவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பாடு போட்டவர் முகத்துக்கு நேராகக் குறை சொல்வது நம் பழக்கமில்லை. பந்தியில் உப்பு குறைவாக இருந்தாலும் "திருப்தி" என்றுதான் எழுந்திருப்போம். அது நல்ல குணம். ஆனால் அந்தத் திருப்தியை வைத்துக்கொண்டு அடுத்த வருடம் எதைத் திருத்துவது?

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தது, கல்லணையில் தண்ணீர் பிரித்துவிட்டாயிற்று என்று செய்தி வரும். தண்ணீர் உண்மையில் வந்து சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் கல்லணையில் நின்று கேட்டுப் பயனில்லை. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம், வாய்க்கால் போய் முடியும் கடைமடையில் இருப்பவரைக் கேட்க வேண்டும். எங்கள் கூடுகையிலும் கடைமடைக்காரர்கள் இருக்கிறார்கள். மதியமே கிளம்பிப் போனவர்கள். ஒரு டப்பாகூடக் கிடைக்காதவர்கள். போன வருடம் வந்து இந்த வருடம் வராதவர்கள். அப்புறம், விளையாட்டில் சேராமலே அதன் நடுவில் அன்று முழுக்க இருந்த ஊர்க்காரர்கள்.

இந்த விளையாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. தேடிப் போய் டப்பா கிடைக்கவில்லை என்றால், "கிடைக்கவில்லை" என்று பதிவு செய்யலாம். பலர் வெட்கப்பட்டுக்கொண்டு அதைப் பதிவதில்லை. ஆனால் டப்பாவை வைத்தவருக்கு நூறு பேர் "கிடைத்தது, நன்றி" என்று எழுதுவதைவிட, அடுத்தடுத்து இரண்டு பேர் "கிடைக்கவில்லை" என்று எழுதுவதுதான் பெரிய தகவல். டப்பா வெள்ளத்தில் போயிருக்கலாம், ஆடு மேய்க்கும் பையன் எடுத்துப் போயிருக்கலாம், எண் தவறாக இருக்கலாம். அவர் உடனே போய்ப் பார்ப்பார். நிகழ்ச்சிக்கும் இதே மாதிரிப் பதிவைத்தான் நாங்கள் கேட்டு வாங்க ஆரம்பித்தோம். நட்சத்திரத்தை எடுத்துவிட்டோம். "இன்றைக்கு எந்த இடத்தில் நின்றுபோனீர்கள்?" இதுதான் முதல் கேள்வி. "எந்த நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றியது?" இது இரண்டாவது.

கேள்வி மாறியதும் பதில்களும் மாறின. ஒரு பதிலைச் சொல்கிறேன். ஒரு குடும்பம் காலையில் முதல் டப்பாவுக்கான எண்ணைப் போனில் போட்டது. போன் அவர்களை சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்கோ போகச் சொன்னது. காரணம் இதுதான். எங்கள் விளையாட்டில் எண்ணை டிகிரி, நிமிடம் என்று எழுதுவார்கள். கும்பகோணம் 10 டிகிரி 57.6 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 22.8 நிமிடம் கிழக்கு. அதையே 10.576, 79.228 என்று புள்ளி வைத்துப் போட்டால் போன் அதை வெறும் டிகிரியாக எடுத்துக்கொள்ளும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. பழகியவர்களுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு தெரியும், அதனால்தான் பழகியவர்கள் யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. முதல் தடவை வந்த குடும்பம் சொன்னது. இப்போது இரண்டு விதத்திலும் எண்ணை அச்சடித்துக் கொடுக்கிறோம், கூடவே போன் கேமராவில் காட்டினால் வரைபடம் திறக்கிற கியூஆர் கட்டமும் வைக்கிறோம்.

தென்னந்தோப்புக்குள்ளும் மூங்கில் புதருக்குப் பக்கத்திலும் போனில் புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது என்றும் பலர் எழுதியிருந்தார்கள். வானம் தெரிகிற இடத்தில்தான் ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்யும். இந்த மண்ணில் இடத்தை அளப்பது என்றைக்குமே சுலபமாக இருந்ததில்லை. நில அளவைக்கு வந்த வில்லியம் லாம்டன், ஏறி நின்று பார்க்க இங்கே குன்று இல்லாததால் கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சேதமடைந்தது. எங்கள் சிக்கல் அத்தனை பெரியதில்லை. தோப்புக்குள் வைக்கும் டப்பாவுக்கு மட்டும் எண்ணோடு ஒரு துப்பையும் சேர்த்துக் கொடுக்கிறோம்: "மதகிலிருந்து மூன்றாவது மரம்" என்கிற மாதிரி.

பெண்கள் எழுதிய பதில்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். இதை யாரும் மைக்கைப் பிடித்துச் சொல்லமாட்டார்கள். பெயர் எழுத வேண்டாத தாளில்தான் வரும். அன்றிலிருந்து வழி வரைபடத்தில் டப்பாக்களுக்கு முன்னால் கழிப்பறைகளைக் குறிக்கிறோம். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க் என்று முன்கூட்டியே போய்ப் பேசி வைத்துவிடுகிறோம். நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிய வாய்க்கால் சரிவில் புடவை கட்டிக்கொண்டு இறங்க முடியாது என்று இன்னொருவர் எழுதினார். ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடுவது எவ்வளவு கடினம், போய்ச் சேருவது எவ்வளவு கடினம் என்று ஒன்று முதல் ஐந்து வரை இரண்டு மதிப்பெண் போடுவது இந்த விளையாட்டின் வழக்கம். அந்த மதிப்பெண்ணை முழுக்கால்சட்டையும் ஷூவும் போட்ட இளைஞர்களே போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவராவது நடந்து பார்த்துத்தான் போடுகிறோம்.

சீக்கிரம் கிளம்பிப் போனவர்களை என்ன செய்வது? அவர்கள் தாளை நிரப்பமாட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து பேசுவதுதான் வழி. அன்று சாயங்காலமே பேசினால் அசதியில் இருப்பார்கள்; ஒரு மாதம் ஆகிவிட்டால் மறந்துவிடும். "ஏன் போய்விட்டீர்கள்?" என்று ஆரம்பிக்கக் கூடாது, அது குற்றம் சாட்டுவது போலக் கேட்கும். "மதியம் வரைக்கும் எது எது கிடைத்தது?" என்று ஆரம்பித்தால் மீதியை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். குழந்தைக்குப் பசி, கரையில் நிழல் இல்லை, கூட வந்தவருக்கு இதில் ஆர்வம் இல்லை. பாதிக் காரணங்கள் நிழலும் சாப்பாடும்தான்.

ஊர்க்காரர்களிடம் கேட்பதற்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவழிக்கிறோம், அதிகம் கற்றுக்கொண்டதும் அங்கேதான். மாசியில் சம்பா அறுவடையின் கடைசியும் தாளடி அறுவடையும் இருக்கும். டெல்டாவில் நெல் காய்வது ரோட்டில். ஒரு பெரியவர் டீக்கடையில் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, உங்க ஆளுங்க நல்லவங்கதான். ஆனா நெல்லு காயப்போட்டிருக்கற எடத்துல வண்டிய விட்டுட்டு, போனப் பாத்துக்கிட்டே நெல்லு மேல நடக்கறாங்க. கொள்முதல் நிலையத்துல ஈரம் பாப்பாங்க, தூசி பாப்பாங்க. நாங்க யார்கிட்ட போயி சொல்றது?" வயலில் கால் வைக்காதீர்கள், வரப்பை மிதிக்காதீர்கள் என்று விதிமுறையில் இருந்தது. ரோட்டில் காயும் நெல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் ஆட்கள் வைத்த எந்தக் கேள்வித்தாளிலும் இந்தப் பதில் வந்திருக்காது.

இன்னொன்று லஸ்கர், அதாவது மதகுகளைத் திறந்து மூடும் பாசன ஊழியர், சொன்னது. மதகு ஷட்டரை ஏற்றி இறக்கும் திருகுக்கம்பிக்குப் பின்னால் யாரோ ஒரு காந்த டப்பாவை ஒட்டி வைத்திருந்தார்கள். கைக்குச் சுலபமாக எட்டாத இடம், கண்டுபிடித்தால் சந்தோஷம், அதனால் பலருக்கும் பிடித்த டப்பா அது. அவர் ஒரு சாயங்காலம் அந்தத் திருகைக் காட்டினார். பூசியிருந்த கிரீஸில் விரல் அடையாளங்கள், அதன் மேல் மண். "இந்த மண்ணு உள்ள போச்சுன்னா தண்ணி வர்ற அன்னைக்கி ஷட்டர் தூக்காது" என்றார். டப்பாவை அன்றே எடுத்தோம். மதகு, ஷட்டர், மின்கம்பம், கோயில் சுவர் எதிலும் டப்பா வைப்பதில்லை என்று எழுதி வைத்தோம். தாராசுரம் மாதிரி இடங்களுக்கு டப்பாவே வேண்டாம். அங்கே நின்று ஒரு சிற்பத்தைப் பார்த்துப் பதில் எழுதும் கேள்வியாக மாற்றிவிட்டோம். கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று சொன்னவரும் ஓர் ஊர்க்காரர்தான். இப்போது எல்லா டப்பாவின் மேலும் இது என்ன என்று தமிழில் ஒட்டி, போன் நம்பரும் போட்டிருக்கிறோம். ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் முன்பே பட்டியல் கொடுத்துவிடுகிறோம்.

படித்துறையில் துணி துவைக்கும் ஒரு அம்மா கேட்ட கேள்வி எங்கள் நிகழ்ச்சியின் சாயங்காலத்தையே மாற்றியது. "இவ்வளவு பேர் வர்றீங்க, போகும்போது இந்தக் குப்பையையும் அள்ளிட்டுப் போகக் கூடாதா?" ஆடிப்பெருக்கிலிருந்து சேர்ந்த பிளாஸ்டிக்கும் பழந்துணியும் படிக்கட்டில் சிக்கிக் கிடந்தன. டப்பா தேடப் போகிறவர்கள் குப்பையை அள்ளி வர வேண்டும் என்கிற இயக்கம் 2002-இலிருந்தே இந்த விளையாட்டில் உண்டு. இப்போது கடைசி ஒரு மணி நேரம் படித்துறை வேலைதான்.

கருத்து கேட்டால் ஒன்றுக்கொன்று முரணாகவும் வரும். விவசாயிகள் "மாசிக் கடைசியில் வையுங்கள், அறுவடை முடிந்திருக்கும்" என்கிறார்கள். பிள்ளை பிளஸ் டூ படிக்கும் வீடுகளில் "மார்ச் வந்தால் பரீட்சை, பிப்ரவரியிலேயே வையுங்கள்" என்கிறார்கள். மாசி மகத்தன்று கும்பகோணத்தில் கால் வைக்க முடியாது. எத்தனை பேர் எதைச் சொன்னார்கள் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுப்பது இங்கே சரியாக வராது. தேதி மாறினால் ஒரு வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். நெல் வீணானால் ஒருவருடைய ஆறு மாத உழைப்பு போகும். அதனால் தேதியைப் பிப்ரவரியில் வைத்துக்கொண்டு, பாதையை மாற்றினோம். முந்தின வாரம் ஒவ்வொரு ஊராகப் போய் எந்த ரோட்டில் நெல் காய்கிறது என்று கேட்டு, அந்த ரோட்டு டப்பாக்களை அன்றைக்கு மட்டும் எடுத்துவிடுகிறோம்.

சொன்னதைச் செய்தோமா என்று திரும்பப் போய்ச் சொல்வதும் முக்கியம். காலையில் கூடியதும் முதல் பத்து நிமிடம், போன வருடம் வந்த கருத்துகளை வாசிக்கிறோம். இதைச் செய்தோம், இதைச் செய்ய முடியவில்லை, காரணம் இது. டப்பா எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்று வருடாவருடம் கேட்கிறார்கள். கூட்டப் போவதில்லை, கரையில் நின்று நாலு பேரோடு பேச நேரம் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். தன் வரி வாசிக்கப்படுவதைக் கேட்டவர் அந்த வருடம் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதுகிறார்.

இந்த ஒலிபரப்பைக் கேட்கும் டெல்டாக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மாசியில் உங்கள் ஊர் ஆற்றங்கரையில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வருபவர்களைப் பார்த்தால் நிறுத்திப் பேசுங்கள். உங்களுக்கு என்ன இடைஞ்சல் என்பதை அவர்களிடமே சொல்லுங்கள். கையில் நோட்டு வைத்திருப்பார்கள், எழுதிக்கொள்வார்கள்.

நன்றி, வணக்கம்.