கொண்டுவிற்கப் போன ஊரும் புழுங்கல் அரிசியும்

(காரைக்குடியில் ஒரு வளவு வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் வந்த இழுவையைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.)

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுகங்களில் மருத்துவம் எப்படி இருந்தது என்று பேசச் சொன்னார்கள். எனக்குக் கொடுத்தது முக்கால் மணி நேரம், அதில் கால் மணி மைக் சரிசெய்வதிலேயே போய்விட்டது. அதனால் அம்மை, காலரா, பிளேக் எல்லாவற்றையும் ஓரமாகத் தொட்டுவிட்டு பெரிபெரி என்கிற ஒரே ஒரு நோயைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறேன். அந்த நோய் நம் ஆட்களுக்கு அநேகமாக வரவில்லை என்பதுதான் அதில் நமக்குள்ள சம்பந்தம்.

நம் செட்டியார் வீட்டு ஐயாக்கள் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, மூன்று வருஷத் தவணைக்குக் கிளம்பினால் நாகப்பட்டினத்தில் கப்பலேறுவார்கள். கப்பலில் ஒருவனுக்கு அம்மை கண்டாலும் போதும், டெக் பயணிகளை பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவில் இறக்கிவிடுவார்கள். தொழுநோயாளிகளை வைத்திருந்ததும் அதே தீவில்தான். கேபினில் வந்த துரைமாருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. கிருமிக்குக்கூட டிக்கெட் வகுப்பு தெரிந்திருந்தது போல.

மலாயாவில் கிள்ளான் பக்கம் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை 1901-இல் திறந்தார்கள். திறந்த சில மாதத்தில் மலேரியா அடித்த அடியில், மூடிவிடலாமா என்கிற பேச்சு வரை போயிற்று. கொசுதான் மலேரியாவைக் கொண்டுவருகிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் 1897-இல் கண்டு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. மால்கம் வாட்சன் என்கிற டாக்டர் அதை நம்பிச் சதுப்பை வடியவைத்தார், காட்டை வெட்டச் சொன்னார், காய்ச்சல் இறங்கியது. சரி, இது தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது பெரிபெரி.

பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும், சிங்களச் சொல் என்கிறார்கள். நோய் சிரிப்பாக இல்லை. முதலில் பாதம் மரத்துப்போகும், செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடப்பான். அப்புறம் கால் தொய்ந்து இழுக்கும், சிலருக்குக் கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். கடைசியில் இதயம் கைவிடும். மலாயாவில் ஈயச் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் சீனத் தொழிலாளிகள் இதில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஆஸ்பத்திரியில் போட்டாலும் தேறவில்லை. ஆஸ்பத்திரியில் போட்டதும் அதே வெள்ளைச் சோறுதானே!

டாக்டர்கள் கிருமி என்றார்கள், ஈரத் தரை என்றார்கள், கட்டடத்தில் விஷம் ஏறியிருக்கிறது என்று சொல்லி நோயாளிகளை இடம் மாற்றினார்கள். மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருந்த பிராடன் என்கிற டாக்டர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அதே வெயில், அதே கொசு, அதே ஊர். சீனனுக்கு வருகிறது, தமிழனுக்கு வரவில்லை. என்ன வித்தியாசம்? சீனன் தின்பது சயாமிலிருந்து, இப்போதைய தாய்லாந்திலிருந்து, வரும் தீட்டிய வெள்ளை அரிசி, தமிழன் தின்பது புழுங்கல். அரிசியில்தான் ஏதோ இருக்கிறது என்று அவர் எழுதினார். பழைய வெள்ளை அரிசியில் விஷம் ஊறுகிறது என்று அவர் நினைத்தது தப்பு. ஆனால் ஆள் பிடித்த இடம் சரி.

இதை யாரும் லேசில் நம்பவில்லை. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்த பிளெட்சர் என்கிற டாக்டரும் நம்பவில்லை. இது பொய் என்று காட்டத்தான் 1905-இல் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண் கொடுத்தார். ஒற்றைப்படைக்காரர்கள் கிழக்கு வார்டு, வெள்ளை அரிசி. இரட்டைப்படைக்காரர்கள் மேற்கு வார்டு, புழுங்கல் அரிசி. வருஷ நடுவில் இரண்டு கூட்டத்தையும் வார்டு மாற்றிப்போட்டார், கட்டடத்தின் கோளாறா என்று பார்க்க. நோய் கட்டடத்தில் தங்கவில்லை, வெள்ளை அரிசி தின்றவர்களோடேயே கூடப் போயிற்று. அந்தக் கூட்டத்தில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிக் கூட்டத்தில் பெரிபெரியால் ஒரு சாவும் இல்லை. மருத்துவ வரலாற்றில் இதை அழகான சோதனை என்பார்கள், அழகுதான், ஆனால் அந்தப் 18 பேரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

இதற்கு முன்னாலேயே பத்தாவியாவில், இப்போதைய ஜகார்த்தாவில், எய்க்மன் என்கிற டச்சுக்காரர் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். கோழிகளுக்குப் பெரிபெரி போலவே கால் வராமல் போயிற்று, பிறகு தானாகவே தேறிவிட்டது. விசாரித்தால், ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டுவந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியை ராணுவத்தைச் சேராத கோழிக்கு எதற்குப் போடவேண்டும் என்று நிறுத்திவிட்டார். கோழி பிழைத்தது. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு, சமையல்காரரின் பெயர் யாருக்கும் தெரியாது. நம் ஊரில் இருக்கிறாரே, கல்யாணப் பந்தியில் ஒரு அப்பளத்துக்குக் கணக்குப் பார்க்கிறவர், அவர் நினைவுக்கு வருகிறார். ஜாவாவில் 101 சிறைகளில் ஏறக்குறைய 2,80,000 கைதிகளை வைத்தும் கணக்கெடுத்தார்கள். தீட்டிய அரிசி தின்ற இடங்களில் 39 பேருக்கு ஒருவருக்குப் பெரிபெரி, தவிடு போகாத அரிசி தின்ற இடங்களில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்கிற அளவில்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். எங்கள் அப்பத்தா நெல் அவிக்கும் நாளில் பின்கட்டு முழுக்க ஒரு மக்கிய வாசனை அடிக்கும், பள்ளிக்கூடச் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும், எனக்கு அது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. முதல்நாள் ஊறப்போட்ட நெல்லை அண்டாவில் ஏற்றி, ஆவி மேலே வந்து நெல் வாய் பிளக்கும்போது இறக்குவார். முற்றத்தில் கொட்டிக் காலால் துழாவித் துழாவிக் காயவைப்பார். நாலு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்து 'பதம்' என்பார். அந்த ஊறலிலும் ஆவியிலும்தான் காரியம் நடக்கிறது. தவிட்டில் இருக்கிற பி1 வைட்டமின், தயமின் என்கிறோமே, அது நீரோடு அரிசியின் உள்ளே இறங்கி, வெந்த மாவோடு பிடித்துக்கொள்கிறது. அப்புறம் மில்லில் எவ்வளவு தீட்டினாலும் முழுக்கப் போகாது. பச்சரிசியைத் தீட்டினால் பெரும்பகுதி தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடும். அதனால்தான் அந்தக் காலத்து மாடு திடமாக இருந்தது என்று என் பெரியப்பா சொல்வார், அதற்கு நான் பொறுப்பில்லை.

கிட்டங்கியில், அதாவது அங்கே நம் ஆட்கள் தங்கித் தொழில் பார்த்த கட்டடத்தில், சமையல் நம்மூர் ஆள் கையில், எடுபிடி வேலை பார்த்த பெட்டியடிப் பையனிலிருந்து பொறுப்பில் இருந்த மேலாள் வரை ஒரே உலையில் வெந்த சோறு. தோட்டத்துக்குப் போன தமிழ்க் கூலிகளுக்கும் புழுங்கல் அரிசிதான். அங்கே லாபக் கணக்கு வேறு, தலையெழுத்து வேறு, ஆனால் அரிசி ஒன்று.

இங்கே சிலர் கை தட்டத் தயாராவது தெரிகிறது, கொஞ்சம் பொறுங்கள். 'நம் முன்னோர் ஒன்றும் முட்டாள்கள் இல்லை' என்று காலையில் வாட்ஸ்அப்பில் ஒன்று வருமே, இதை அதில் சேர்த்துவிடாதீர்கள். அப்பத்தா தயமினுக்காக அவிக்கவில்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, பூச்சி சீக்கிரம் விழாது, சோறு ஒட்டாது, அதற்காக அவித்தார். அதே அப்பத்தாதான் கஞ்சியை வடித்துத் தொட்டியில் ஊற்றினார், அதோடு கொஞ்சம் வைட்டமினும் போயிற்று. தோட்டத்துத் தமிழர்களைப் புழுங்கல் அரிசி மலேரியாவிலிருந்தும் காலராவிலிருந்தும் காப்பாற்றவில்லை, அவர்கள் அதில் கொத்துக்கொத்தாகப் போனார்கள். வரிசையில் நிற்கவைத்து எண் கொடுத்து எண்ணிப் பார்த்தவன்தான் காரணத்தைக் கண்டான். நம்மிடம் அரிசி இருந்தது, எண்ணிப் பார்க்கிற வேலையை நாம் செய்யவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி நேரத்தில் ஒரு ஆச்சி கேட்டார்: "அப்படின்னா தம்பி, பச்சரிசிப் பொங்கல் சாப்பிட்டா கால் விழுந்துடுமா?" விழாது ஆச்சி. பொங்கலில் பருப்பு இருக்கிறது, கூடச் சாம்பார் இருக்கிறது. வெறும் வெள்ளைச் சோறும் ஒரு துண்டு கருவாடுமாக மாசக்கணக்கில் ஓட்டியவர்களுக்கு வந்த நோய் அது. இன்றைக்கு யாருக்கு வருகிறது என்றால், சோற்றை விட்டுவிட்டுக் குடியிலேயே இருப்பவர்களுக்கு. அப்படி ஒருவர் தள்ளாடிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தால், விவரம் தெரிந்த டாக்டர் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தயமின் ஊசி போடச் சொல்வார். அந்த ஊசியில் இருப்பது, அப்பத்தா அண்டாவில் நெல்லுக்குள் இறக்கிய அதே சரக்குதான்.